தாசில்தாரும் ஐந்து மீட்டரும்

திருச்செங்கோடு தாலுகா ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் எழுத்தராக இருந்து, பதினோரு தாசில்தார்களுக்கு முன்னால் கைகட்டி நின்று ஓய்வு பெற்றவர் அர்த்தநாரி. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், ஒரு நாய் வாங்கி அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்தது. "தாசில்தார், உட்காரு" என்றால் அது உட்காரும். "தாசில்தார், அந்தப் பக்கம் போ" என்றால் போகும். அவர் பேச்சைக் கேட்கிற ஜீவன் உலகத்தில் அது ஒன்றுதான். அதன்மேல் அவருக்கு அப்படி ஒரு பாசம். மனைவி பாவாயிக்கும் பாசம்தான், ஆனால் வெளியே சொல்ல மாட்டார். வேளாவேளைக்கு நெய்ச்சோறு பிசைந்து வைப்பதோடு சரி.

வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்களே என்று மகள் ஒரு பழைய கேரவனை வாங்கிக் கொடுத்தாள். கேரவன் என்றால் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற வீடு. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. இழுப்பதற்கு, ஊரிலிருந்து அவர்களோடு வந்திருந்த பாவாயியின் தம்பி செங்கோடன் இருந்தார். ஆந்திராவிலிருந்து அசாம் வரைக்கும் போர்வெல் லாரி ஓட்டியவர். ஓட்டுவார், நிறுத்துவார். எங்கே போகிறோம் என்று கேட்கிற வழக்கம் மட்டும் இல்லை.

வடக்கே வெயில் நாட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார்கள். கிளம்பும்போது மகள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அப்பா, இந்த நாட்டுல போர்டுல என்ன போட்டிருக்கோ அதும்படி நடந்துக்கோங்க. ஒரு வம்பும் வராது."

அர்த்தநாரிக்கு மனசு நிறைந்துவிட்டது. எழுத்தில் இருப்பதன்படி நடக்கிற நாடு. இத்தனை நாள் இதைத்தானே அவர் தேடிக்கொண்டிருந்தார்.

முதல் நாளே ஒரு போர்டு வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி ஓய்வெடுக்கவும் என்று அதில் போட்டிருந்தது. அர்த்தநாரி கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் தங்க வேண்டிய இடத்தின் கேட் இருநூறு அடி தூரத்தில் தெரிந்தபோது இரண்டு மணி நேரம் முடிந்துவிட்டது. செங்கோடன் உடனே ஓரம் கட்டினார். மூவரும் இறங்கி, அந்தக் கேட்டைப் பார்த்தபடியே தயிர்ச்சோறு சாப்பிட்டு, அரை மணி நேரம் ஓய்வெடுத்தார்கள். அதற்குள் கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

இப்படியே பத்து நாள் ஓட்டி, கெய்ர்ன்ஸ் நகரத்துக்கும் வடக்கே, மாமரமும் தாழம்புதரும் அடர்ந்த ஒரு ஆற்றங்கரைக்கு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தார்கள். அங்கே டோரீன் என்கிற அம்மாள் கேரவன்கள் தங்குவதற்கு இடம் வாடகைக்கு விட்டிருந்தார். எழுபது வயது, ஆறடி உயரம். மத்தியானமானால் சமையல்கட்டு வாசலில் கித்தான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். சிரித்தால் பல் அத்தனையும் தெரியும்.

வாசலிலேயே போர்டு இருந்தது. நாய்கள் எந்நேரமும் கயிற்றில் இருக்க வேண்டும்.

"எந்நேரமும்னா தூங்கறப்பவுமுங்களா?" என்று பாவாயி கேட்டார்.

"எந்நேரமும்னா எந்நேரமும்தான்" என்றார் அர்த்தநாரி.

செங்கோடன் போர்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "மச்சான், நாய் கயித்துல இருக்கோணும்னுதான் போட்டிருக்குது. அந்தப் பக்கத்து முனையை யாராச்சும் பிடிக்கோணும்னு போடலீங்களே" என்றார்.

இது நியாயமான கேள்வி. மூவரும் மாமர நிழலில் உட்கார்ந்து வெகு நேரம் யோசித்தார்கள். கயிறு என்றால் அதற்கு இரண்டு முனை உண்டு என்றும், ஒரு முனைக்கு மட்டும் ஆணை போட்டு மறுமுனையைச் சும்மா விட்டுவிட எந்த அதிகாரிக்கும் மனசு வராது என்றும் அர்த்தநாரி தீர்ப்புச் சொன்னார். ஆளுக்கு எட்டு மணி நேரம் கயிற்றைப் பிடிப்பது என்று முடிவாயிற்று. ராத்திரி பன்னிரண்டிலிருந்து காலை எட்டு வரை அர்த்தநாரி, எட்டிலிருந்து நாலு வரை பாவாயி, மீதி செங்கோடன். பாவாயிக்கு மதியம் சமையல் இருந்ததால், பன்னிரண்டுக்கே செங்கோடன் வாங்கிக்கொண்டு, ராத்திரி எட்டுக்கு அக்காவிடம் திருப்பிக் கொடுப்பது என்று திருத்தம் செய்தார்கள். இதற்கு ஒரு நோட்டும் போட்டு, வாங்குகிறவர் கையெழுத்து, கொடுக்கிறவர் கையெழுத்து என்று கோடு கிழித்தார்கள்.

கோடு கிழித்து முடிப்பதற்குள் டோரீன் வந்தார். நாயைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. உடனே கொஞ்சம் கவலையும் பட்டார்.

"இந்த ஆற்றில் முதலை இருக்கிறது. தண்ணீரிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். இன்னொன்று கேளுங்கள். முதலை அவசரப்படாது. அசையாமல் கிடந்து கவனிக்கும். ஒரே இடத்துக்கு ஒரே நேரத்துக்கு மூன்று நாள் போனீர்களானால், நாலாம் நாள் அது உங்களுக்கு முன்னால் வந்து காத்திருக்கும். நாய் என்றால் அதற்கு ரொம்ப இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அர்த்தநாரி உடனே தாசில்தாரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அது பதினெட்டுக் கிலோ இருக்கும். அன்றைக்கெல்லாம் இறக்கிவிடவே இல்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஐந்து மீட்டரை அளக்கப் போனார்கள். டேப் இல்லை. "என் சேலை அஞ்சரை மீட்டருங்க. அரை மீட்டரை உள்ள மடிச்சுக்கலாம்" என்று பாவாயி ஒரு நூல் சேலையைக் கொண்டுவந்தார்.

"சரி, தண்ணி ஓரத்து முனையை யாருங்க பிடிக்கறது?" என்றார் செங்கோடன்.

"பிடிக்கறவன் அஞ்சு மீட்டருக்குள்ள நிக்கற மாதிரி ஆயிருமே மாப்ள. அது தப்பு."

"அப்ப கரைப்பக்கம் இருந்து ஆரம்பிச்சுக்கலாமுங்க. நீங்க அங்க நில்லுங்க. நான் சேலை தீர்ற வரைக்கும் தண்ணியைப் பார்த்து நடக்கறேன். தீர்ந்த இடத்துல நின்னுக்கறேன்."

இது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. செங்கோடன் நடந்தார். சேலை தீர்ந்த இடத்தில் நின்றார்.

"அஞ்சு மீட்டர் வந்தாச்சுங்க மச்சான். தண்ணி கணுக்காலுக்கு இருக்குது."

"அப்படீன்னா ஆறுதான் நம்ம பக்கம் ஆக்கிரமிச்சிருக்குது" என்றார் அர்த்தநாரி. தான் நின்ற இடத்தில் ஒரு கல்லை நட்டு, அதை வெள்ளையடித்து, இதுதான் எல்லை என்று நோட்டில் குறித்துக்கொண்டார். மத்தியானம் கடல் ஏறி ஆறு பொங்கியபோது கல் முழுகிப்போயிற்று. சாயங்காலம் தண்ணீர் வடிந்ததும் கல் வெளியே வந்தது. ஆறு தவறை உணர்ந்து பின்வாங்கிவிட்டது என்று அர்த்தநாரி அதையும் எழுதினார்.

அடுத்தது வழக்கத்தை ஒழிக்கிற வேலை. முதலைக்கு எந்த நேரத்தில் எது நடக்கும் என்று பிடிபடவே கூடாது. அர்த்தநாரி அன்று ராத்திரியே உட்கார்ந்து ஒரு அட்டவணை தயார் செய்தார். செவ்வாய்க்கிழமை காபி விடியற்காலை மூன்றரைக்கு. புதன்கிழமை பதினொன்றுக்கு. வியாழக்கிழமை காபி கிடையாது, ஆனால் டம்ளர் கழுவ வேண்டும். பல் தேய்ப்பது ஒரு நாள் சாப்பாட்டுக்கு முன்னால், ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில். புதன்கிழமை முழுக்க அர்த்தநாரி செங்கோடனின் சட்டையையும், செங்கோடன் அர்த்தநாரியின் சட்டையையும் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். பாவாயி அதிகாலை இருட்டில் சாம்பார் கொதிக்க வைத்தார். மூவருக்கும் வயிறு கெட்டுப்போனது, ஆனால் ஒரே நேரத்தில் கெடவில்லை என்பதில் அர்த்தநாரிக்குத் திருப்தி.

ஆணை என்று போட்டால் நகலை ஒட்டியாக வேண்டும். அட்டவணையின் நகலை ஆற்றைப் பார்த்த மாமரத்தில் ஒட்டினார்.

"முதலை படிச்சுப்போடுச்சுன்னா என்னுங்க பண்றது?" என்றார் செங்கோடன்.

"தமிழ்ல எழுதியிருக்கேன் மாப்ள."

செங்கோடன் மச்சானின் மூளையை மெச்சித் தலையாட்டினார். பிறகு, "கயிறு பிடிக்கற நேரத்தையும் மாத்தோணுமுங்களா?" என்று கேட்டார்.

"அதெப்படி மாத்தறது? கயிறு எழுத்து மூலம் வந்த ஆணை. முதலை வாய்மொழியா வந்தது. வாய்மொழியை வெச்சுக்கிட்டு எழுத்தை மாத்த முடியாது."

ஆகவே கயிறு மட்டும் தினமும் பன்னிரண்டு மணிக்குச் செங்கோடன் கைக்குப் போனது. அவர் அதைக் கால் கட்டை விரலில் சுற்றிக்கொண்டு நாற்காலியில் சாய்வார். வெயில், மாமர நிழல், நேரங்கெட்ட காபி, எல்லாமாகச் சேர்ந்து நாலு மணிக்கு முன்னால் குறட்டை வந்துவிடும். விரலிலிருந்து கயிறு நழுவும். தாசில்தார் எழுந்து எங்கேயோ போய்விட்டுக் கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, பழைய இடத்திலேயே படுத்துக்கொள்ளும். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் இது நடந்தது. செங்கோடன் விழித்துப் பார்க்கும்போது நாய் இருந்ததால் அவருக்கு எதுவும் தெரியாது.

வியாழக்கிழமை ஒரு எறும்பு கடித்து அவர் சீக்கிரம் விழித்துவிட்டார்.

"மச்சான், தாசில்தாரைக் காணோமுங்க."

பாவாயி கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டார். "கயிறு எங்கடா?"

"கயிறு அதுகூடத்தான் போயிருக்குதுங்கக்கா. போர்டுல போட்டபடிதான் இருக்குது."

அர்த்தநாரிக்கு எதுவும் காதில் விழவில்லை. ஆற்றை நோக்கி ஓடினார். அறுபத்தாறு வயதில் அவர் ஓடுவதைப் பாவாயி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். எதிர்க்கரைச் சேற்றில் கட்டை மாதிரி கிடந்த ஒன்று சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது. அர்த்தநாரி வெள்ளைக்கல்லைத் தாண்டி, முழங்கால் வரை தண்ணீருக்குள் போய் நின்றுகொண்டு, "தாசில்தார், வா" என்று கூப்பிட்டார். நான் சொன்னால் கேட்குமே, கேட்குமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

"மச்சான், எல்லைக்கல்லைத் தாண்டிட்டீங்க" என்று கரையிலிருந்து செங்கோடன் கத்தினார்.

"எனக்கு அரை நாள் லீவு எழுதிக்கோ மாப்ள" என்றார் அர்த்தநாரி. முப்பத்தொரு வருஷ வேலையில் ஒரு ஆணையைக்கூட மீறாத மனுஷன் அவர். மீறும்போதும் முறைப்படி மீறினார்.

செங்கோடன் லீவு எழுதுவதற்கு நோட்டை எடுக்க ஓடியபோது, டோரீனின் சமையல்கட்டுப் பக்கம் குரைப்புச் சத்தம் கேட்டது. அர்த்தநாரி கரையேறி, ஈரக்காலோடு ஓடினார். மூவரும் போய்ப் பார்த்தார்கள்.

டோரீன் வாசலில் நாற்காலியைப் போட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். கையில் சாசேஜ் என்கிற சுட்ட கறித்துண்டு. எதிரே தாசில்தார், வாலை ஆட்டிக்கொண்டு. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு. பாவாயி பாய்ந்து நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"தினமும் நாலு மணிக்கு டாணென்று இங்கே வந்துவிடுவான்" என்றார் டோரீன் அன்போடு. "இன்றோடு நாலு நாள். அவனுக்காக நானும் முன்கூட்டியே வந்து காத்திருக்கிறேன். எனக்கு நாய் என்றால் ரொம்ப இஷ்டம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பல் அத்தனையும் தெரிந்தது.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நாயை நடுவில் விட்டு, முகத்தைத் திருப்பாமல், பின்பக்கமாகவே நடந்து கேரவனுக்கு வந்து கதவைச் சாத்தினார்கள்.

"ஒரே இடம்" என்றார் செங்கோடன்.

"ஒரே நேரம்" என்றார் பாவாயி.

"மூணு நாள் விட்டு நாலாம் நாள்" என்றார் அர்த்தநாரி. "அந்தம்மா தன் வாயாலேயே சொன்னாங்க பாரு. நல்ல மனுஷி, முன்கூட்டியே எச்சரிச்சிருக்காங்க. நமக்குத்தான் புரியலை."

"முதலைன்னா தண்ணிக்குள்ளதானுங்க இருக்கோணும்?" என்றார் பாவாயி.

"எங்க இருக்கும்னு அவங்க சொல்லவே இல்லையே. எப்படிப் பிடிக்கும்னுதான் சொன்னாங்க."

மறுநாள் காலையில் கிளம்பிவிடுவது என்று முடிவாயிற்று. ஆனால் அர்த்தநாரிக்கு உறுத்தல் தீரவில்லை. நாம் தப்பித்துப் போகிறோம், நாளைக்கு இன்னொரு குடும்பம் ஒன்றும் தெரியாமல் நாயோடு வந்து மாட்டிக்கொள்ளுமே. நல்ல பலகை ஒன்றைத் தேடி எடுத்து, வெள்ளையடித்து, கொட்டை எழுத்தில் எழுதினார். 'எச்சரிக்கை. இங்கே டோரீன் இருக்கிறார். ஐந்து மீட்டர் தள்ளி நிற்கவும்.' டோரீன் படித்து மனசு சங்கடப்படக் கூடாது என்பதால் தமிழில் மட்டும் எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலையில் பலகையைச் சேலை தூரத்தில் தரையில் வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். டோரீன் வந்து எடுத்துப் பார்த்தார்.

"எவ்வளவு அழகான எழுத்து. என்ன எழுதியிருக்கிறது?"

அர்த்தநாரி பொய் சொல்லாதவர். "எல்லாம் உங்களைப் பற்றித்தான் அம்மா. இனிமேல் இங்கே வருகிற தமிழ் ஜனங்களுக்காக எழுதியிருக்கிறேன்" என்றார்.

டோரீனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் அவரைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லையாம். கட்டிப்பிடிக்கக் கை விரித்துக்கொண்டு இரண்டு எட்டு வந்தார். செங்கோடன் வண்டியை எடுத்த வேகத்தில் இரண்டு மணி நேர ஓய்வைக்கூட அவர்கள் நாலாவது மணி நேரத்தில்தான் எடுத்தார்கள்.

டோரீன் அந்தப் பலகையை வாசலில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டி வைத்தார். அடுத்த மாதம் மெல்பர்னிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் கேரவனோடு வந்தது. வண்டியிலிருந்து இறங்கிய பெரியவர் பலகையை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். அவர் மனைவி சுடிதார் போட்டிருந்தபடியால் சேலைக்கு வழியில்லை. பெரியவர் பெட்டியைத் திறந்து எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்தார். அது போதாமல் முனையில் ஒரு துண்டையும் முடிந்துகொண்டார். பிறகு, வரவேற்க வந்த டோரீனைப் பார்த்து, "டோரீன் அம்மா, அந்த முனையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார்.