ஐஸை உருக்கிய பூட்ஸ்

உச்சிப்பொட்டலில் மார்கழி மாசத்திலும் விசிறி விற்கும். அந்த ஊர் மூக்கையாவும் அவருடைய கூட்டாளிகள் வெயிலுமுத்து, சங்கிலி இருவரும் பனிமலைக் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். மூன்று பேர் அறிவையும் கூட்டினாலும் ஒருத்தருக்குப் பற்றாது, பாவம்.

மூக்கையாவின் மனைவி குருவம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"பனியில கால்விரல் உதிர்ந்துபோகுமாம். பத்து விரலோட போறீக, பத்து விரலோட வரணும். இல்லேன்னா வாசப்படி ஏறக்கூடாது. நல்லா சூடா, நாள்பட உழைக்கிற பூட்ஸாப் பாத்து வாங்குங்க."

மதுரைக் கடைக்காரர் இரண்டு வகையை எடுத்து வைத்தார். ஒன்று, உள்ளே கம்பளி வைத்துத் தைத்த கனத்த பூட்ஸ். இன்னொன்று, மழைக்குப் போடும் மெல்லிய ரப்பர் பூட்ஸ்.

"கம்பளிதான் அண்ணாச்சி சூடு," என்றார்.

"சொன்னா ஆச்சா? சோதிக்க வேண்டாமா?" என்றார் மூக்கையா.

சங்கிலி எதிர்த்த ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கிவந்து இரண்டிலும் போட்டான். மூவரும் ஒரு மணி நேரம் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். ரப்பர் பூட்ஸில் ஐஸ் தண்ணீராகிவிட்டது. கம்பளி பூட்ஸில் கட்டி கட்டியாக அப்படியே கிடந்தது.

"ரப்பரைப் பாருங்கண்ணே, ஐஸையே உருக்கிருச்சு. என்னா சூடு!" என்றான் வெயிலுமுத்து.

"கம்பளியில இன்னும் சூடே வரல. இதுல காலை விட்டா விரலெல்லாம் போச்சு," என்றான் சங்கிலி.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஆளுக்கொரு ஜோடி ரப்பர் பூட்ஸ் காலுக்கு. ஆளுக்கொரு ஜோடி கம்பளி பூட்ஸ், ஊருக்குப் பனி அள்ளிவர.

"குதிகாலுக்குப் பின்னால ஒரு விரல் நுழையணும். இல்லேன்னா புண்ணாயிரும்," என்று அந்த மனுஷன் ஒரு புத்தியும் சொல்லி அனுப்பினார்.

ஆகவே மலை முழுக்க மூவரும் குனிந்து, குதிகாலில் விரலை நுழைத்தபடியே ஏறினார்கள். எதிரே வந்தவர்கள், என்ன பக்தி என்று கும்பிட்டுப் போனார்கள். திரும்பும்போது கழுத்தில் கம்பளி பூட்ஸ், அது நிறையப் பனி.

வீட்டு வாசலில் குருவம்மாள் விரல்களை எண்ணினாள். பத்தும் இருந்தன, கத்தரிக்காய் நிறத்தில். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"கழுத்துல இம்புட்டு நல்ல பூட்ஸைத் தொங்கவிட்டுக்கிட்டு, ஏன்யா அதைப் போடல?"

"அதுல சூடு இல்ல குருவு. பனிதான் இருக்கு, பாரு," என்று மூக்கையா பூட்ஸைக் கவிழ்த்தார். தண்ணீர் கொட்டியது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூக்கையாவின் முகம் மலர்ந்தது.

"ஏலே, இப்பத்தான் சூடேறியிருக்கு! ஆறுறதுக்குள்ள மாட்டிக்கிட்டு மலைக்குக் கிளம்புங்க!"