முக்கூட்டுக்கல்லைச் சுற்றிய மந்திரி

முன்னொரு காலத்தில் முத்தாறு என்றொரு நாட்டை வல்லபராயர் என்கிற ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ரோஷம் ஏறிவிட்டால் லேசில் இறங்காது. ஒரு கல்யாணப் பந்தியில் முதல் இலை யாருக்கு என்று அவருக்கும் பக்கத்துச் செம்மலை ராஜாவுக்கும் கரிசல் நாட்டு ராணிக்கும் சண்டை மூண்டு, பன்னிரண்டு வருஷமாகப் பேச்சே கிடையாது. ஒரு நாட்டு வீரன் இன்னொரு நாட்டு மண்ணில் கால் வைத்தால் போர் என்று சட்டம் வேறு போட்டுக்கொண்டார்கள்.

இதில் கொழுத்தவர்கள் அபின் கடத்துகிறவர்கள்தான். வீரர்கள் துரத்தினால் எல்லையைத் தாண்டி நின்று பல்லைக் காட்டுவார்கள். ஊரெல்லாம் அபின் புழங்கியது. கோட்டைக் காவல்காரன் நின்றபடியே குறட்டை விட்டான். மந்திரி சிற்றம்பலத்தின் தம்பி மகன் மல்யுத்தத்தில் பேர் வாங்கியவன். இப்போது வாயில் ஈ மொய்ப்பதுகூடத் தெரியாமல் கிடந்தான். அவனுக்குச் சோறு ஊட்டிவிட்டுத்தான் மந்திரி தினமும் அரண்மனைக்குக் கிளம்புவார்.

"மகாராஜா, அக்கம்பக்கத்தாரோடு ஒரு வார்த்தை பேசினால் இதை ஒழித்துவிடலாம்" என்றார் ஒருநாள் சபையில்.

சேனாதிபதி வீரகண்டனுக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்தான். "நம் படை எதற்கு இருக்கிறது, பிரபு? மந்திரியாருக்கு வயசாகிவிட்டது. நிழலைக் கண்டாலும் பயம்!"

"அப்படியா சேனாதிபதியாரே? ஒரு பிடி அபினை மடியில் கட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை முக்கூட்டுக்கல்லுக்கு நானே வருகிறேன். உச்சிப்பொழுதுக்குள் உங்கள் படை என்னைப் பிடித்துவிட்டால் நாட்டை விட்டே போய்விடுகிறேன். பிடிக்க முடியாவிட்டால் மகாராஜா அக்கம்பக்கத்தாரோடு பேச வேண்டும்."

"மூட்டுவலிக்காரர் ஓட்டப்பந்தயத்துக்கு வருகிறாராம்!" என்று ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, ஒப்புக்கொண்டோம்!"

முக்கூட்டுக்கல் மூன்று நாட்டு எல்லையும் சேருமிடம். 'அபின்காரன் ஒருவன் அங்கே வருகிறான், வந்து பிடியுங்கள்' என்று செம்மலை ராஜாவுக்கும் கரிசல் ராணிக்கும் மந்திரி முன்கூட்டியே ஆள் அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை அவர்களும் குடை, படை சகிதம் வந்து சேர்ந்தார்கள். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"பிடியுங்கள்!" என்று வீரகண்டன் கத்தினான். முந்நூறு பேர் பாய்ந்தார்கள். மந்திரி ஓடவே இல்லை. கல்லைச் சுற்றி ஓரடி நகர்ந்தார். செம்மலை மண் வந்துவிட்டது. முந்நூறு பேரும் அந்த எல்லையோரமாகவே முண்டியடித்து நின்றார்கள். செம்மலை வீரர்கள் ஓடிவந்ததும் இன்னோர் அடி; கரிசல் மண். அவர்களும் வந்தபோது, ஆளில்லாத மறு ஓரத்தில் மறுபடி முத்தாறு. இப்படியே சுற்றிச் சுற்றி, நடுநடுவே கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துத் தயிர்சாதமும் சாப்பிட்டார். எட்டிப் பிடிக்கப் போன வீரகண்டன் குப்புற விழுந்தான். தலைப்பாகை உருண்டு கரிசல் எல்லைக்குள் போய்விட்டது. அதை எடுக்கக்கூட அவனால் முடியவில்லை.

சூரியன் உச்சியை நெருங்கியது. தோற்பதென்றால் ராஜாவுக்கு வேப்பங்காய். தன்னை மறந்து எழுந்து கத்தினார்: "அம்மா கரிசல் ராணி! அந்த ஆளைக் கொஞ்சம் பிடியுங்களேன்!"

ராணி திடுக்கிட்டாள். மறுகணமே, "நீங்கள் அந்தப் பக்கம் மறியுங்கள்! செம்மலையாரே, நீங்கள் இந்தப் பக்கம்!" என்றாள்.

அவ்வளவுதான். மூன்று பக்கமும் வழி அடைபட்டது. கரிசல் வீரன் ஒருவன் மந்திரியின் கையைப் பிடித்தான்.

"பிடிபட்டார்! நாட்டை விட்டு அனுப்புங்கள்!" என்று வெறுந்தலையோடு குதித்தான் வீரகண்டன்.

"பிடித்தது உங்கள் படையா, சேனாதிபதியாரே?" என்றார் மந்திரி. பிறகு ராஜாவைப் பார்த்தார். "முந்நூறு வாளால் ஆகாததை உங்கள் ஒரு வார்த்தை செய்துவிட்டது, மகாராஜா."

ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "அட, பேசித் தொலைத்துவிட்டேனே!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். வீரகண்டனுக்கு அந்தக் கல்லடியிலேயே வேலை. காலையும் மாலையும் அக்கம்பக்கத்து வீரர்களைக் கூப்பிட்டு, "அண்ணே, அந்தப் பக்கம் யாராச்சும் வந்தாங்களா?" என்று மரியாதையாக விசாரிக்க வேண்டும். மீசையை முறுக்காமல்.

ஒரு மாதம் கழித்து அபின் கூட்டத்தின் தலைவன் முக்கூட்டுக்கல் பக்கம் மூட்டையோடு ஓடிவந்தான். வழக்கம்போல எல்லையைத் தாண்டினான், பல்லைக் காட்டினான். செம்மலை வீரன் கழுத்தைப் பிடித்தான், கரிசல் வீரன் காலைப் பிடித்தான், வீரகண்டன் மூட்டையைப் பிடித்தான்.

கூட்டத் தலைவன் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதான்: "அடப் பாவிங்களா! நீங்க எப்பய்யா பேச ஆரம்பிச்சீங்க?"