கட்டிதட்டிய சாக்லேட்

"ஒரு சொட்டுத் தண்ணி டீச்சர். ஒரே ஒரு சொட்டு. எல்லாம் நாசம்!"

தண்டபாணி பாத்திரத்தை டீச்சர் வீட்டுச் சமையல் மேடைமேல் டொக்கென்று வைத்தார்.

ஜெசிந்தா டீச்சர் எட்டிப் பார்த்தார். தேன்போல வழிய வேண்டிய சாக்லேட், சேறுபோலக் கட்டிதட்டிக் கிடந்தது.

"யார் விட்டது?"

"வேற யாரு? எங்க வீட்டம்மாதான்."

தண்டபாணியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோத்தகிரியில் சொந்த வீடு. உடம்பில் ஒரு நோவு கிடையாது. இப்படிப்பட்டவருக்குப் பொழுது போகவில்லை. பொழுது போகாத ஆண்பிள்ளை நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த வீட்டுப் பெண் என்ன பாடுபடுவாள் என்று, பட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

டீச்சருக்கு அவரைவிட இருபது வயது குறைவு. சனிக்கிழமைகளில் தன் வீட்டுச் சமையலறையில் தண்டபாணி மாதிரியானவர்களுக்குச் சாக்லேட் செய்யக் கற்றுத் தருகிறவர். கைமணம் உள்ளவர் என்று ஊரில் பெயர். வாயைத் திறந்தால் வெட்டிவிடுவார் என்றும் பெயர்.

"சாக்லேட்டுக்கு முன்னாடி வேற ஏதோ பண்ணிட்டு இருந்தீங்களே, சார்?"

"பழைய காசு சேர்த்தேன்."

"ஏன் விட்டீங்க?"

"விட்டேனா? விட வெச்சா! நூறு வருஷத்துச் செப்புக்காசு. மேல படிஞ்ச அந்தக் கறுப்புதான் அதுக்கு அழகே. வெள்ளிக்கிழமை பூஜைக்கு விளக்குத் தேய்க்கிறப்ப, அதையும் எடுத்துப் புளி போட்டுத் தேச்சுட்டா. பளபளன்னு கொண்டுவந்து நீட்டுறா. அதை இனிமே எவன் தொடுவான்?"

"நீங்க என்ன பண்ணீங்க?"

"ஒரு மாசம் அவகூடப் பேசலை."

டீச்சர் அடுப்பைப் பற்றவைத்தார். கோபத்தில் தீக்குச்சி ஒடிந்தது. இன்னொன்றை உரசினார்.

"அப்புறம்?"

"கவிதை எழுதினேன்."

"அதுக்கென்ன ஆச்சு?"

"மழையைப் பத்தி ஒரு கவிதை. உக்கார வெச்சு வாசிச்சேன். மூணாவது வரியில எந்திரிச்சு ஓடிட்டா."

"எங்கே?"

"மாடிக்கு. துணி எடுக்க."

"வெளியே மழையா?"

"மழைதான். அதுக்காக? இருந்து கேட்டுட்டுப் போகக் கூடாதா?"

டீச்சர் ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தார். பாத்திரத்தைச் சட்டிமேல் வைத்தார். சாக்லேட் சூடேறியது, இளகவில்லை. கரண்டி போட்டால் கரண்டியோடு மொத்தமாகத் திரண்டு வந்தது.

"இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு முழுசாச் சொல்லுங்க."

"நாளைக்கு மனமகிழ் மன்றத்துல கண்காட்சி டீச்சர். எனக்குன்னு ஒரு மேஜை ஒதுக்கியிருக்காங்க. காலையில இருந்து நின்னு உருக்கிட்டிருக்கேன். இவ அரிசி களைஞ்ச கையோட வந்து நிக்கிறா. 'மணி பத்தாச்சு, ஒரு வாய் சாப்பிட்டுட்டுச் செய்யக் கூடாதுங்களா'ன்னு கையை நீட்டுறா. விரல்ல இருந்து ஒரு சொட்டு, உள்ள!"

"நீங்க?"

தண்டபாணி கொஞ்சம் தயங்கினார்.

"கோபத்துல ரெண்டு வார்த்தை சொன்னேன்."

"எந்த ரெண்டு வார்த்தை?"

"முப்பத்தஞ்சு வருஷமா நீ கை வெச்சது எதுவும் விளங்கினதில்லைன்னு சொன்னேன்."

முப்பத்தைந்து வருடமாக அந்தக் கை வைத்த சோற்றைத்தான் இந்த மனிதர் தின்றிருக்கிறார். எனக்கு அங்கேயே அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. டீச்சர் என்னைவிடப் பொறுமைசாலி.

"இப்ப அவங்க எங்கே?"

"பஸ் ஸ்டாண்டுல இருப்பா. மேட்டுப்பாளையத்துல அவ அக்கா வீடு இருக்கு. பையில துணியை எடுத்து வெச்சுக்கிட்டா. வீட்டுச் சாவியையும் என் முன்னால வெச்சுட்டா."

"சாவியை வெச்சுட்டாங்களா?"

"ஆமா. இனிமே வரமாட்டாளாம்."

"அவங்க பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாங்க. நீங்க இதைத் தூக்கிட்டு இங்கே வந்து நிக்கிறீங்க."

"சும்மா ஒண்ணும் வரலை டீச்சர். வர்ற வழியில பஸ் ஸ்டாண்டுல நின்னு அவகிட்டே, 'சரி சரி, விடு'ன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். அதுக்கும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. அப்புறம் நான் என்ன செய்யறது? நீங்க முதல்ல இதைச் சரி பண்ணிக் குடுங்க."

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கெட்டிலில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரை எடுத்துச் சாக்லேட்டில் ஒரு கரண்டி ஊற்றினார்.

தண்டபாணி அலறிவிட்டார்.

"ஐயோ! என்ன பண்றீங்க? தண்ணி பட்டுத்தானே கெட்டுச்சு!"

டீச்சர் கிண்டினார். சாக்லேட் முன்னைவிட இறுகியது. எண்ணெய் தனியே பிரிந்து ஓரத்தில் நின்றது.

"பாருங்க! இன்னும் மோசமாயிடுச்சு!"

"ஆமா."

இன்னொரு கரண்டி ஊற்றினார்.

"டீச்சர், உங்களுக்குப் பைத்தியமா?"

"கத்தாதீங்க. கத்துறதுக்கு இது உங்க வீடு இல்லை."

மூன்றாவது கரண்டி. நான்காவது. டீச்சரின் கை நிற்கவில்லை. தண்டபாணி தலையில் கைவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு மன்றத்தில் வெறும் மேஜைக்குப் பின்னால் தான் நிற்பதும், ஊரே சிரிப்பதும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

கரண்டியின் சத்தம் மாறியது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கட்டி எதையும் காணோம். பாத்திரம் நிறையக் கறுகறுவென்று மினுங்கிக்கொண்டு சாக்லேட் வழுவழுவென்று சுற்றியது. டீச்சர் கரண்டியைத் தூக்கினார். ஒழுகி விழுந்தது.

"எப்படி டீச்சர்?"

"ஒரு சொட்டு பட்டா இறுகும். நிறைய விட்டா இளகும்."

"எவ்வளவு விடணும்?"

"வழியற வரைக்கும்."

"அளவு?"

"அளவு கிடையாது."

தண்டபாணியின் முகம் மலர்ந்தது. "அப்ப அச்சுல ஊத்தி வெச்சா, நாளைக்கு..."

"அச்சுல நிக்காது சார். இது பழையபடி வராது. இனிமே இது வேற."

"அப்ப என் மேஜை?"

டீச்சர் கரண்டியைப் பாத்திரத்துக்குள் வீசினார். சாக்லேட் தெறித்துச் சுவரெல்லாம் பட்டது.

"உங்க மேஜையில இடி விழ! குடிச்சுப் பாருங்க."

ஒரு டம்ளரில் ஊற்றி அவர் கையில் திணித்தார்.

தண்டபாணி ஒரு வாய் குடித்தார். சூடு. கசப்பு. நன்றாகவே இருந்தது. இன்னொரு வாய்க்கு டம்ளரைத் தூக்கியவர் அப்படியே நின்றார். பாத்திரத்தைப் பார்த்தார். பக்கத்தில் பாதி காலியாகியிருந்த கெட்டிலைப் பார்த்தார்.

"நான் 'சரி சரி, விடு'ன்னுதான் சொன்னேன்," என்றார். இந்தத் தடவை அதைச் சொன்னபோது குரல் எழும்பவில்லை.

டீச்சர் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

அவர் டம்ளரை வைத்துவிட்டு ஓடினார்.

மேட்டுப்பாளையம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரத்தில் பூங்கோதையம்மாள். பக்கத்து இடத்தில் பை.

தண்டபாணி ஏறினார். மூச்சு வாங்கியது.

"பூங்கோதை, நான் பேசினது தப்பு. மன்னிச்சிரு."

"சரிங்க. இறங்குங்க, வண்டி எடுக்கறாங்க."

பூங்கோதையம்மாளின் முகம் இன்னும் இறுகியது. தண்டபாணி இறங்கவில்லை. பஸ் கிளம்பியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"அந்தக் காசு. அதை நீ பூஜைக்குத்தான் தேச்சே. அது எனக்கு அன்னைக்கே தெரியும்."

பூங்கோதையம்மாள் சட்டென்று திரும்பினார்.

"தெரிஞ்சுமா ஒரு மாசம் பேசாம இருந்தீங்க?"

"ஆமா."

"தெரிஞ்சே செஞ்சீங்களா! நான் என்ன பாவம் பண்ணிட்டேனோன்னு தினம் ராத்திரி அழுதேன். ஒரு மாசம் சுவத்துகிட்டப் பேசினேங்க நான்! சுவத்துகிட்ட!"

முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும். முப்பத்தைந்து வருடமாக அந்தம்மாள் உரக்க ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

"சுவத்துகிட்டப் பேசினது தெரியாது," என்றார் தண்டபாணி. "அழுதது தெரியும். தூங்கற மாதிரி படுத்திருந்தேன்."

"நீங்கெல்லாம் மனுசனா?"

"அந்த மழைக் கவிதையும் நல்லா இல்லை. மாடியில இருந்து நீ எடுத்துட்டு வந்த துணியில என் சட்டைதான் நிறைய இருந்துச்சு. அதையும் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கத்தினேன்."

பூங்கோதையம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

கண்டக்டர் வந்தார். "எங்கே சார்?"

"இவங்க இறங்கற இடத்துக்கு."

பஸ் வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து இறங்கியது. தண்டபாணி ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தம்மாளின் அப்பா இறந்த வீட்டில் சாப்பாடு சரியில்லை என்று கோபித்துக்கொண்டு வந்தது. அந்தம்மாள் சேர்ந்த பாட்டு வகுப்பை, வேளைக்குச் சோறு கிடைக்காது என்று நிறுத்தச் சொன்னது. சிலவற்றுக்கு அந்தம்மாள் கத்தினார். சிலவற்றுக்கு அழுதார். பாட்டு வகுப்புக்கு மட்டும் ஒன்றுமே சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் குஞ்சப்பனை கிராமத்தைத் தாண்டியது. தண்டபாணிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார் பூங்கோதையம்மாள். குரலில் கோபம் அப்படியே இருந்தது.

"இல்லை. இன்னும் இருக்கு."

அந்தம்மாள் பக்கத்து இடத்திலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உக்காந்து சொல்லுங்க."