சிப்பி வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் முத்துச் சிப்பிகள் வாயைத் திறந்தே வைத்திருந்தன. பேசவும் செய்தன. கடலடியில் அவை ஒட்டி வாழும் பாறைத்திட்டுக்குப் பார் என்று பெயர். முத்தெடுக்க மூழ்கும் குளியாள் கல்லைக் கட்டிக்கொண்டு பாரில் இறங்கி, "யார் வருகிறீர்கள்?" என்று கேட்பான். முற்றிய சிப்பிகள், "என்னை எடு" என்னும். இளசுகள், "இன்னும் ரெண்டு மழை போகட்டும்" என்னும். அவற்றை யாரும் தொடமாட்டார்கள். அதற்கென்று சட்டம் ஒன்றும் இல்லை.

அந்தக் கரையில் திரையன் என்றொரு குளியாள் இருந்தான். அவன் இறங்கும்போது தோணியில் கயிறு பிடிப்பவன் அவன் மனைவியின் தம்பி சாத்தன். தமக்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்று சாத்தன் கண்ணிமைக்காமல் பிடிப்பான்.

கரைத்தலைவன் ஏனாதிக்குக் குதிரை ஆசை வந்தது. கடல் தாண்டி வரும் வணிகர்கள் முத்துக்குத்தான் குதிரை கொடுப்பார்கள். "பாரில் ஒன்று விடாமல் அள்ளுங்கள்" என்று கட்டளை போட்டான்.

திரையன் இறங்கினான், வெறும் பையோடு ஏறி வந்தான்.

"எல்லாம் குஞ்சுகள் அய்யா. நகத்தளவுகூட இல்லை."

"சிப்பியில் என்ன குஞ்சு, கிழடு? உன்னை அள்ளச் சொன்னேன், விசாரிக்கச் சொல்லவில்லை."

திரையன் மறுத்துவிட்டான். மற்றவர்கள் தலைவனுக்குப் பயந்து இறங்கினார்கள். "எங்களை விடு, எங்களை விடு" என்று இளசுகள் கதறக் கதற, மூன்று நாள் சுரண்டினார்கள். கரையில் சிப்பி மலைபோலக் குவிந்தது. பிளந்து பார்த்தால் ஒன்றிலும் முத்து இல்லை. எல்லாம் வெயிலில் அழுகி நாறின.

அப்போதும் ஏனாதிக்கு வெட்கம் வரவில்லை. "பாரில் ஒரு தாய்ச்சிப்பி இருக்கிறதாமே, பெரிய முத்துகளை அதுதான் ஒளித்திருக்கிறது. நீ போய்க் கேள்" என்று திரையனை இறங்கவைத்து, தானும் தோணியில் உட்கார்ந்துகொண்டான்.

பாரில் பாதி மொட்டையாகக் கிடந்தது. ஓரத்தில் இருந்த கிழட்டுத் தாய்ச்சிப்பி திரையனைப் பார்த்தது.

"உங்களை நம்பித்தானே வாய் திறந்து வைத்திருந்தோம்? வேண்டாம் என்று சொன்ன பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு போனீர்களே!"

"நான் ஒன்றுகூட அள்ளவில்லை, அம்மா."

"நீ அள்ளவில்லை. அள்ளியவர்களைத் தடுத்தாயா?"

திரையன் மொட்டைப் பாறையைத் திரும்பிப் பார்த்தான்.

"இனி உங்களோடு எங்களுக்குப் பேச்சில்லை" என்று தாய்ச்சிப்பி படாரென்று வாயை மூடியது. அதைப் பார்த்து அடுத்தது மூடியது, அதற்கடுத்ததும் மூடியது. பார் முழுவதும் அந்தச் சத்தம் ஓடி அடங்கியது.

மூச்சு முட்டியது. திரையன் கயிற்றை ஆட்டினான். மேலே ஏனாதி சாத்தனின் கையைப் பிடித்துக்கொண்டான். "முத்தோடு வரட்டும். பிறகு இழு."

"அது என் அக்கா புருஷன்!" என்று சாத்தன் அவனைத் தள்ளிவிட்டு இழுத்தான். மூக்கிலும் காதிலும் ரத்தம் வழியத் திரையன் மேலே வந்தான். உயிர் தங்கியது, காது போய்விட்டது.

அதைக் கண்ட குளியாட்கள் தங்கள் கற்களைக் கொண்டுவந்து ஏனாதியின் காலடியில் போட்டார்கள். "வேண்டுமானால் நீங்களே மூழ்கிப் பாருங்கள்!" என்றார்கள். அவனுக்கு ஒரு குதிரையும் வரவில்லை.

ஏழு ஆண்டு யாரும் பாரில் இறங்கவில்லை. எட்டாம் ஆண்டு திரையன் ஊரைக் கூட்டினான்.

"அவை இனி சொல்லாது. சொன்னாலும் எனக்குக் கேட்காது. நாலைந்து சிப்பியை மட்டும் எடுத்துப் பிளந்து பார்ப்போம். இளசாக இருந்தால், தலைவன் சொன்னாலும் சரி, ராஜா சொன்னாலும் சரி, அந்த ஆண்டு யாரும் இறங்காமல் பாரை மூடிவிட வேண்டும்."

சிப்பி இப்படி இறுக வாய் மூடிக் கிடப்பது அன்று முதல்தான். சோதித்துப் பார்க்காமல் பாரில் இறங்கக் கூடாது என்ற சட்டம் வந்ததும் அப்போதுதான். அவை வாய்விட்டுச் சொன்னபோதே கேட்டிருந்தால், அப்படியொரு சட்டத்துக்கு வேலையே இருந்திருக்காது.