காராசேவு தின்ற வாத்து

விருதுநகர்ப் பள்ளி மைதானத்தில் காலை நடை முடிந்ததும் மூன்று பேர் வாசல் பக்கத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து பருத்திப்பால் குடிப்பார்கள். பைப் கடை தவசிலிங்கம் அண்ணாச்சி, டெய்லர் காஜா மைதீன், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ரெஜினா. அன்றைக்கு ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. நடைக் குழுவில் பதினெட்டுப் பேர் மூணாறுக்குப் போகிறார்கள். யார் தலைமையில்?

அண்ணாச்சிக்கு அந்தப் பதவி மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். போன மாசம்தான் எகிப்து போய்விட்டு வந்திருந்தார். அங்கே லக்ஸர் ஊரில் ஒரே நாளில் கல்லறைகளையும் கோயில்களையும் சுற்றிக் காட்டியிருந்தார்கள். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு அவர் ஒரு மாசம் ஓட்டிவிட்டார்.

"வெயில்னா வெயில் அப்படி ஒரு வெயில். அந்த ஊர்க் கோழி பச்சை முட்டையே போடாது. அவிச்ச முட்டைதான்."

"அப்ப குஞ்சு எப்படி வரும்?" என்றார் காஜா.

"மார்கழி மாசம் போடுறதுல வரும். குறுக்கப் பேசாதய்யா." அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார். "முதல்ல ராஜாக்களோட கல்லறை. காலையில சேவிங் பண்ணிட்டுப் படி எறங்குறேன், அடியில போய்ச் சேர்றப்போ தாடி மார் வரைக்கும் வந்துருச்சு."

"ஒரே நாள் டூர்னு சொன்னீங்க," என்றார் ரெஜினா.

"அந்த ஊர்ல நாள் கொஞ்சம் நீளம் டீச்சர். உள்ள சுவரெல்லாம் படம். மூவாயிரம் வருசத்துப் பெயிண்ட், நேத்து அடிச்ச மாதிரி ஒட்டுது. அதுல ஒரு வாத்துக் கூட்டம். நான் பசிக்கு சாத்தூர் காராசேவுப் பொட்டலத்தைப் பிரிச்சேன். அவ்வளவுதான், அத்தனையும் சுவத்தை விட்டு எறங்கி வந்துருச்சுங்க! கைடு ஹசன் கும்பிடுறான், 'ஐயா, மூடி வைங்க, என் வேலை போயிரும்'னு. மூடினதும் எல்லாம் மேல ஏறிருச்சு. ஒண்ணு மட்டும் அவசரத்துல திசை மாறி நின்னுக்கிச்சு. அது ஏன் அப்படி நிக்குதுன்னு ஹசன் இன்னிக்கும் அரை மணி நேரம் விளக்கம் சொல்றான்."

காஜாவுக்குப் பருத்திப்பால் புரையேறியது.

"அந்தக் காரம் வாத்தோட நிக்கலய்யா. பெட்டிக்குள்ள படுத்திருந்த ராஜா மம்மி மூக்குலயும் ஏறி, அது ஒரு தும்மல் போட்டுச்சு. கரண்டு போச்சு. எங்க டூர்ல வந்த இருபத்திரண்டு பேரும் இருட்டுல அலறுறாங்க. நான் மம்மி கிட்டப் போய், 'ராஜா, மன்னிக்கணும், உங்க துணியில ஒரு நுனி குடுங்க'ன்னேன். 'எந்த ஊரு?'ன்னார். விருதுநகர்னேன். 'அப்படியா, மிளகா வத்தல் என்ன வெலை?'ன்னு கேட்டுக்கிட்டே துணியைச் சுத்திச் சுத்தி அவுத்து விட்டார். அதைப் புடிச்சுக்கிட்டே எல்லாரையும் மேல ஏத்தினேன்."

"துணி இல்லாம அவரு?" என்றார் காஜா.

"என் வேட்டியைக் குடுத்துட்டேன்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. பிறகு ரெஜினா, கேலி இல்லாத குரலில் கேட்டார்: "அண்ணாச்சி, என் தங்கச்சியும் மூணாறு வர்றா. அவளுக்குக் கண் பார்வை மங்கல். கூட்டத்துல அவளைத் தவற விட்டுர மாட்டீங்களே? அந்த டூர்ல யாரும் தொலையலையே?"

அண்ணாச்சிக்கு வாய் வரை ஒரு பதில் வந்தது. ஒட்டகம், பீரங்கி எல்லாம் இருந்த நல்ல பதில்தான். ஆனால் கண் சரியாகத் தெரியாத ஒருத்தர் விஷயத்தில் அதைச் சொல்ல மனசு வரவில்லை. லக்ஸரில் அன்றைய மத்தியானம் அவருக்கு ஞாபகம் வந்தது. கர்நாக் கோயில், பனை உயரத்துக்கு மேல் தூண்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே தூண்.

"தொலைஞ்சது நான்தான் டீச்சர்," என்றார் மெதுவாக. "செருப்பு வார் அந்துருச்சுன்னு குனிஞ்சேன். நிமிர்ந்தா ஒருத்தரையும் காணோம். இருபது நிமிசம். பாஷை தெரியாது. தூணைப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டேன். தண்ணி விக்கிற ஒரு ஆள்தான் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் பஸ்சுல விட்டாரு. அதனால சொல்றேன், தங்கச்சி கையை நான் விட மாட்டேன்."

காஜா மைதீன் அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு ரெஜினா பக்கம் திரும்பினார்.

"டீச்சர், வாத்து எறங்கி வந்ததை நான் நம்பினேன். ராஜா வத்தல் வெலை கேட்டதையும் நம்பினேன். இவரு அழுதாராம்! இவ்வளவு பெரிய புளுகை மட்டும் என்னால தாங்க முடியல."