பித்தளைப் பின்னும் பாவாயியின் முந்தானையும்

ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் நடந்தது இது. முடிவில் உங்களிடம் தீர்ப்புக் கேட்கப்போகிறேன். ஆகவே யார் எங்கே நின்றார்கள், எது முதலில் நடந்தது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

லாரியில் வந்து இறங்கும் மரவள்ளிக் கிழங்கை அந்த ஆலையில் அரவைக்குக் கொண்டுபோவது ஒரு நீண்ட சங்கிலி. இருபுறமும் பெண்கள் நின்று, நகரும் கிழங்கின் கட்டைகளைக் கத்தியால் சீவித் தள்ளுவார்கள். சங்கிலியைத் தாங்கும் பல்சக்கரங்கள், ஆலையில் சொல்வதுபோல ஸ்ப்ராக்கெட்டுகள், மூன்று. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் மூன்றும் மூன்று வகை. ஒரு முனையில் இருப்பது இரண்டு பாதிகளாகப் பிளந்து போல்ட்டால் சேர்த்தது. அச்சைக் கழற்றாமலே அதை மாற்றிவிடலாம். நடுவில் உள்ள சிறியது எதையும் இழுக்காது. சங்கிலி தொய்யாமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. மறுமுனையில் மோட்டாரோடு சேர்ந்த பெரியதுதான் சங்கிலியை இழுப்பது.

அந்தப் பெரிய சக்கரத்தின் அமைப்பே தனி. அச்சோடு இறுக்கிய உள்வட்டம் ஒன்று, அதைச் சுற்றிப் பற்கள் கொண்ட வெளிவட்டம் ஒன்று. இரண்டையும் பிணைத்து நிற்பது ஒரே ஒரு பித்தளைப் பின். கல்லோ கட்டையோ சிக்கிச் சுமை மிஞ்சினால் பின் ஒடியும். உள்வட்டம் மோட்டாரோடு சும்மா சுற்றிக்கொண்டிருக்க, பற்களும் சங்கிலியும் அப்படியே நின்றுவிடும்.

இயந்திரத்தை ஓட்டும் ஏழுமலைக்கு அது பெரும் தொல்லையாக இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு முறை பின் ஒடியும். மாற்றுவதற்குள் கிழங்கு குவிந்துவிடும், லாரிகள் வாசலில் நிற்கும். ஒருநாள் பின்னைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் உறுதியான எஃகு போல்ட் ஒன்றை மாட்டினார். இரண்டு மாதம் சங்கிலி நிற்கவே இல்லை. முதலாளி சென்றாயன் எல்லார் முன்னிலையிலும் அவரைப் பாராட்டினார்.

அப்போதுதான் இந்துமதி பராமரிப்பு வேலைக்கு வந்து சேர்ந்தாள். வந்த மூன்றாம் நாள் பெரிய சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். சுமை மிஞ்சியும் நிற்காமல் இழுத்ததில் பற்களின் நுனி கொக்கிபோல வளையத் தொடங்கியிருந்தது. மறுபேச்சில்லாமல் போல்ட்டைக் கழற்றிப் பித்தளைப் பின்னைப் போட்டாள். அன்று காலையிலேயே அது இரண்டு முறை ஒடிந்தது.

"ஏம்மா, ரெண்டு மாசமா நிக்காம ஓடுன மெஷினை வந்ததும் வராததுமா நிறுத்திப்புட்டியே?" என்றார் ஏழுமலை.

"நிக்கணும்னுதாண்ணா அந்த ஸ்ப்ராக்கெட்டையே அப்படிச் செஞ்சிருக்காங்க."

சென்றாயன் தகராறை வளர்க்க விரும்பவில்லை. "நாளைக்கு மறுபடி போல்ட்டையே போட்டுரும்மா" என்றார்.

"என் கையால போட மாட்டேனுங்க. வேற ஆளை வெச்சுக்கறதா இருந்தா வெச்சுக்கங்க."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, ஒடிந்த இடத்தில் புதுப் பின்னைப் போட்டு ஓடவிட்டு, இன்னும் நாலு பின் கடைந்து வாங்க லேத் பட்டறைக்குப் போய்விட்டாள்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது நடந்தது. பெரிய சக்கரத்தை ஒட்டி நின்று கிழங்கு சீவிக்கொண்டிருந்த பாவாயி, நழுவிப்போன ஒரு கிழங்கை எட்டி எடுத்தாள். அவள் முந்தானை சங்கிலிக்கும் பல்லுக்கும் நடுவே போய்ச் சிக்கியது. ஒரே இழுப்பு. சேலை பற்களில் சுருண்டு சுருண்டு ஏற, அவள் கழுத்து இறுகியது. கத்தக்கூட முடியவில்லை.

'டப்' என்று ஒரு சத்தம். சங்கிலி நின்றது. பாவாயியின் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. மோட்டார் மட்டும் முன்போலவே இரைந்துகொண்டிருந்தது. பத்தடி தள்ளி நின்ற ஏழுமலை பாய்ந்து ஓடிச் சிவப்பு ஸ்விட்சை அடித்தார். இரைச்சல் அடங்கியது. எதிர்ப்பக்கம் நின்ற பச்சியம்மாள் கிழங்குக் குவியல்மேல் ஏறிக் குதித்து வந்து, கையிலிருந்த கத்தியால் சேலையை அறுத்தாள். பாவாயி கீழே சரிந்து, பெரிதாக ஒரு மூச்சு இழுத்தாள்.

மாலையில் சென்றாயன் எல்லாரையும் கூட்டினார். "பாவாயியைக் காப்பாத்தினது யாரோ, அவங்க சொல்றபடிதான் இனிமே இந்த மெஷின் ஓடும்" என்றார்.

"ஸ்விட்சை அடிச்சது நான். போல்ட்டே இருக்கட்டும். ஸ்விட்சு பக்கத்துலேயே ஒரு ஆளு நின்னாப் போதும்" என்றார் ஏழுமலை.

"அறுத்துவுட்டது நானு. இன்னொரு நிமிசம் போயிருந்தா மூச்சு நின்னிருக்கும். அந்தச் சக்கரத்துக்கு ஒரு மூடி போடுங்க, அது போதும்" என்றாள் பச்சியம்மாள்.

பட்டறையிலிருந்து திரும்பியிருந்த இந்துமதி சக்கரத்தின் அடியில் குனிந்து, இரண்டு துண்டாகக் கிடந்த பித்தளைப் பின்னை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

சம்பவ இடத்தில் ஒருவர் ஸ்விட்சை அடித்தார். ஒருத்தி கத்தியால் சேலையை அறுத்தாள். இன்னொருத்தி அந்த நேரம் ஆலையிலேயே இல்லை. சொல்லுங்கள், பாவாயியைக் காப்பாற்றியது யார்?

விடை: இந்துமதிதான். ஏழுமலை ஸ்விட்சை அடிக்கும் முன்பே சங்கிலி நின்றுவிட்டது. அவர் நிறுத்தியது சும்மா சுற்றிய மோட்டாரை. பச்சியம்மாளின் கத்தி இல்லாவிட்டால் பாவாயி மூச்சடைத்துப் போயிருப்பாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் குவியலைத் தாண்டி அவள் வந்துசேர நேரம் வேண்டும். போல்ட் இருந்திருந்தால், ஏழுமலை பத்தடி ஓடி ஸ்விட்சைத் தொடுவதற்குள்ளேயே அந்த ஒரு சாணும் போயிருக்கும். நேரத்தைக் கொடுத்தது பின். வேலை போனாலும் போகட்டும் என்று அதைப் போட்டவள் இந்துமதி. சென்றாயன் சொன்ன சொல் மாறவில்லை. அதிகாரம் கைக்கு வந்ததும் இந்துமதி இட்ட முதல் கட்டளை, பச்சியம்மாள் கேட்ட மூடியைச் செய்து மாட்டும்வரை மோட்டாரைப் போடக் கூடாது என்பதுதான். தகட்டை வெட்டி, வளைத்து, மூடியைப் பொருத்திக் கொடுத்தவர் ஏழுமலை. நான்காம் நாள் பாவாயி வேலைக்கு வந்தாள். முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, தன் பழைய இடத்திலேயே போய் நின்றாள்.