தொறந்து கெடந்த கெணறு

போர்வையை இழுத்துக்கோ. ம் கொட்டிக்கிட்டே வரணும், நீ நிறுத்தினா நானும் நிறுத்திருவேன். சரியா?

ஒரு ஊர்ல ஒரு முத்துக்குளிக்கிறவன் இருந்தான். ஊரு கீழக்கரை, பேரு கலந்தர். கடலுக்கடியில போய்ச் சிப்பி அள்ளிட்டு வர்றதுதான் வேலை. கப்பலேறி அரபு நாட்டுக்குப் போனவன், மூணு வருஷம் அங்கயே அவங்க படகுல முத்துக் குளிச்சான். அவங்க பாஷையும் நல்லா வந்துருச்சு. அவன்கிட்ட ஒரு கொணம். எதைப் பார்த்தாலும் கிட்டப் போய்ப் பார்த்தாத்தான் அவனுக்கு ஆகும்.

அந்த வருஷம் ஊருக்குத் திரும்புற கப்பலுக்குக் காத்து வரலை. ஒரு மாசம் சும்மா கெடக்கணும். அப்போ படகுல ஒருத்தரு சொன்னாரு, உள்ள போனா மணலே கடல் மாதிரி அலையலையாக் கெடக்கும், அதுக்குள்ள ஆட்டு ரோமத்துல நெய்த கூடாரத்துல பதூன்னு நாடோடிச் சனங்க இருக்காங்கன்னு. தண்ணியில்லாத கடலா? அதுல எப்படி மனுஷன் இருப்பான்? கலந்தருக்கு இருப்புக் கொள்ளலை. ஒரு தோல்பையில தண்ணி, ஒரு முடிச்சு பேரீச்சம்பழம். கெளம்பிட்டான்.

"ம்."

ரெண்டு நாள் நடந்தான். பை காஞ்சு போச்சு. மூணாம் நாள் காலையில ஒரு கெணறு. வாய்மேல பெரிய தட்டைக் கல்லு. தம் கட்டித் தள்ளினான், கிர்ர்ர்னு நகர்ந்துச்சு. பக்கத்துலயே தோல் வாளியும் கயிறும் கெடந்துச்சு. உள்ள விட்டான். எறங்குது, எறங்குது, எறங்கிக்கிட்டே போகுது. அப்புறம், சளக். மொண்டு மொண்டு குடிச்சான், மூஞ்சியில அடிச்சுக்கிட்டான், பையை ரொப்பிக்கிட்டான்.

கல்லை மூடப் போறான். அப்போ தூரத்துல மணல்மேட்டு மேல, எறும்பு ஊருற மாதிரி ஒட்டகம் வரிசையாப் போகுது. அதுல ஒண்ணு வெள்ளை. வெள்ளை ஒட்டகத்தை அவன் பார்த்ததே இல்லை. பார்த்துட்டு வந்து மூடிக்கலாம்னு ஓடினான்.

ஒட்டகமும் நிக்கலை, இவனும் போய்ச் சேரலை. வானம் மஞ்சளாச்சு. விர்ர்ர்ருன்னு காத்து. மணலு முள்ளு மாதிரி குத்துது. துணியால தலையை மூடிக்கிட்டுக் குப்புறப் படுத்தான். அடிச்சு ஓய்ஞ்சப்புறம் எழுந்து பார்த்தா, வந்த வழியும் இல்லை, காலடியும் இல்லை. கெணறு எந்தப் பக்கம்னே தெரியலை.

நடந்தான், விழுந்தான், எழுந்து நடந்தான். அப்போ டணங், டணங், டணங்னு ஒரு சத்தம். பார்த்தா கறுப்புக் கூடாரம். உள்ள ஒருத்தரு வெண்கல உரல்ல காப்பிக்கொட்டை இடிக்கிறாரு. அங்கெல்லாம் அந்தச் சத்தம் கேட்டா, யாரு வேணும்னாலும் காப்பிக்கு வரலாம்னு அர்த்தம்.

அவரு பேரு ஹமூத். இவனைப் பார்த்ததும் ஓடிவந்து தோளைத் தாங்கிக் கூட்டிட்டுப் போனாரு. நீ யாருன்னு கேக்கலை. எங்கேர்ந்து வர்றேன்னு கேக்கலை. கம்பளத்துல சாய வச்சாரு. சின்னூண்டு கிண்ணத்துல, அடியில மட்டும் கொஞ்சமாக் காப்பி ஊத்தினாரு. ஏலக்காய் வாசம் கம்முனு வந்துச்சு. குடிச்சான், ஊத்தினாரு. குடிச்சான், மறுபடி ஊத்தினாரு. எட்டுக் கிண்ணம் ஆச்சு. வேண்டாம்னு சொன்னா மனசு நோகுமோன்னு இவன் குடிச்சுக்கிட்டே இருக்கான். கூடாரத்து நடுவுல தொங்கின துணித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பளை சிரிக்கிற சத்தம். அது ஹமூத்தோட சம்சாரம் ஷம்மா. போதும்னா கிண்ணத்தை லேசா ஆட்டிக் குடுக்கணுமாம். ஆட்டிக் குடுத்தான். அப்புறம்தான் நின்னுச்சு.

"ம்... ம்."

அவங்ககிட்ட பால் கறக்குற ஆடு ஒண்ணே ஒண்ணு. அதை அறுத்துச் சோறு போட்டாங்க. பெரிய தாம்பாளத்துல மலை மாதிரி. ஹமூத் அவன்கூடச் சேர்ந்து உக்காரலை, இவன் சாப்பிட்டு முடிக்கிறவரை நின்னுக்கிட்டே கறித்துண்டைப் பிச்சுப் பிச்சு இவன் பக்கம் தள்ளினாரு. கலந்தருக்கு ஆச்சரியம் தாங்கலை. ஏன் என் பேரைக்கூடக் கேக்கலைன்னு கேட்டான். மூணு நாள் நீங்க விருந்தாளி, அதுவரைக்கும் கேக்க மாட்டோம்னாரு ஹமூத். நான் எதிரியா இருந்தா என்ன செய்வீங்கன்னான் கலந்தர்.

"இருந்தா, மூணு நாள் கழிச்சுத் தெரிஞ்சுக்கிறேன். இந்தாங்க, சாப்பிடுங்க."

மறுநாள் ஹமூத்தோட சித்தப்பா மகன் முத்லக் வந்தான். மூஞ்சி இருண்டு கெடக்கு. யாரோ கெணத்தைத் தொறந்து போட்டுட்டுப் போயிட்டாங்க, அடிச்ச காத்துல மணல் விழுந்து மூடிருச்சுன்னான். அந்தச் சனத்துக்கு அது ஒண்ணுதான் கெணறு. எறங்கி அள்ளவும் முடியாது. அடியில கெட்ட காத்து, மூச்சு முட்டும். போன வருஷம் தூர் வார எறங்கின முத்லக்கோட தம்பியை மேல தூக்குறப்போ உசுரு இல்லை. இனிமே அஞ்சு நாள் நடந்து வேற தண்ணிக்குப் போகணும். ஷம்மாவுக்கோ நிறைமாசம்.

கலந்தர் வாய்கிட்டக் கொண்டுபோன சோத்தைத் தாம்பாளத்துலயே வச்சுட்டான்.

அவன்தான் தொறந்தான்னு யாருக்கும் தெரியாது. காலடியைக் காத்து அழிச்சுருச்சு. இவங்களும் கேக்க மாட்டாங்க. கூடாரத்துல இருந்த தண்ணித் தோல் சுருங்கிக்கிட்டே வருது. இருந்தும் ஷம்மா அதுலேர்ந்து முதல்ல அவன் கை கழுவத்தான் ஊத்தினா. அந்தத் தண்ணி கையில பட்டப்போ அவனுக்குச் சுட்டுச்சு.

மூணாம் நாள் சாயங்காலம் ஹமூத் எதிர்ல வந்து உக்காந்தாரு. பக்கத்துல முத்லக்.

"இப்போ சொல்லுங்க. உங்க பேரு என்ன? எதுக்காக வந்தீங்க?"

பேரை மட்டும் சொல்லிட்டுப் போயிருக்கலாம். போயிருக்கலாம்ல?

"ம்."

அவன் சொன்னான். "என் பேரு கலந்தர். கெணத்தைத் தொறந்தவன் நான்தான். மூடலை."

முத்லக் எழுந்துட்டான், கை இடுப்புக் கத்திமேல போச்சு. இவனை வெளிய அனுப்புன்னான். ஹமூத் எழுந்து கூடாரத்து நடுக்கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. "அவரு வயித்துல என் உப்பு இருக்கு" அப்படீன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. ஆனா கலந்தர் மூஞ்சியை அவரு பார்க்கலை. கலந்தருக்கு அதுதான் கத்தியைவிட வலிச்சுது.

நான் எறங்குறேன்னான் கலந்தர். கடலுக்கடியில மூச்சைப் பிடிக்கிறவன் நான், கெட்ட காத்தை உள்ள இழுக்காம அள்ளிட்டு வருவேன்னான்.

முத்துப் படகுல கயித்தைச் சொந்த மச்சான்தான் பிடிப்பான், வேற ஆளை நம்பி எறங்க மாட்டாங்க. இங்க மச்சானுக்கு எங்க போறது? விடிஞ்சதும் ஹமூத் கயித்தைக் கையில சுத்திக்கிட்டாரு. கலந்தர் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தான், சர்ருன்னு எறங்கினான். கூடையில மணலை அள்ளினான், வெடுக்குன்னு கயித்தை இழுத்தான், மேல வந்தான், புஸ்ஸுன்னு மூச்சு விட்டான். மறுபடி சர்ரு, மறுபடி வெடுக்கு. மொத நாள் அள்ளினது அத்தனையும் காஞ்ச மணல்.

ரெண்டாம் நாளும் எறங்கினான். அப்போ பக்கத்து மணல் சரிஞ்சு, தொபுக்குன்னு இடுப்பு வரைக்கும் மூடிருச்சு. கயித்தை இழுத்தான். ஹமூத் இழுத்துப் பார்க்கிறாரு, வரலை. உள்ளங்கை கிழிஞ்சு ரத்தம் வருது. கீழ கலந்தருக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது. மேல ஒதுங்கி நின்னுக்கிட்டிருந்தான்ல முத்லக்? பாய்ஞ்சு வந்து கயித்தைப் பிடிச்சான். இழுத்தான் பாரு ஒரு இழுப்பு. கலந்தர் புதையலாட்டம் வெளிய வந்து விழுந்தான். அவனை மல்லாத்திப் போட்டுத் தட்டினது முத்லக்தான். தட்டிக்கிட்டே ஏதோ பேர் சொல்லிக் கூப்பிட்டான். அது கலந்தர் பேரு இல்லை. செத்துப்போன தம்பி பேரு.

"...ம்."

மூணாம் நாள் முத்லக் யாரையும் கேக்கலை, கயித்தை அவனே எடுத்துக்கிட்டான். கலந்தர் எறங்கினான். கையை மணலுக்குள்ள விட்டான், சில்லுன்னு இருந்துச்சு. இன்னொரு கை அள்ளினான், ஈரம். இன்னும் ஒரு கை. விரலைச் சுத்திக் குளுகுளுகுளுன்னு ஊறுது. மேல வந்தவன் ஈரக்கையைத் தூக்கிக் காட்டினான். சனமெல்லாம் ஓடிவந்துச்சு. ஒட்டகமெல்லாம் கழுத்தை நீட்டுது. ஷம்மா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா நடந்து வந்தா.

மொத வாளி வந்துச்சு. ஒரே சகதி. அதை மரக் கிண்ணத்துல தெளிய வச்சு, முத்லக் எடுத்துட்டு நேரா கலந்தர்கிட்ட வந்தான். கலந்தர் தலையை ஆட்டினான். பிள்ளைத்தாச்சிக்குக் குடுங்க, எனக்கு அந்த உரிமை இல்லைன்னான்.

முத்லக் கிண்ணத்தை இன்னும் கிட்ட நீட்டினான். "விருந்தாளி குடிக்காம இங்க யாரும் குடிக்க மாட்டாங்க. ஒட்டகம்கூட."

கலந்தர் ஷம்மாவைப் பார்த்தான். அவ உதடு காஞ்சு வெடிச்சிருக்கு, இருந்தாலும் குடின்னு கையைக் காட்டுறா. ஹமூத்தும் இப்போ அவன் மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாரு. ரெண்டு கையாலயும் கிண்ணத்தை வாங்கினான். மண்ணு வாசம் அடிச்சுது, பல்லுல நறநறன்னு மணல் கடிச்சுது. ஒரு சொட்டு விடாமக் குடிச்சான். அப்புறம்தான் ஷம்மா குடிச்சா.

கேக்குதா கண்ணு? ம் வரலையே. சரி, கதை தண்ணியைத் தொட்டாச்சு. நீயும் தூக்கத்துல மெல்ல எறங்கிக்கோ.